பாய் போய் எஞ்சின் வந்த கரை

நெய்மீனும் சூரையும் பாரையும் துரத்திப் பிடிக்கிற வேட்டைக்காரர்கள். கண் முன்னே எது மின்னிக்கொண்டு ஓடினாலும் விடமாட்டார்கள். அதனால்தான் ஓடும் படகின் பின்னால் நீளக் கயிறு விட்டு, முனையில் தூண்டிலை மறைத்து வெள்ளையாக எதையாவது கட்டி இழுத்துக்கொண்டு போகும் முறை, கடல் இருக்கும் தேசமெங்கும் இருக்கிறது. பெரிய வலை வேண்டாம், கப்பல் போன்ற விசைப்படகு வேண்டாம், இரண்டு பேர் போதும். கையில் காசு குறைந்தவன் ஆழ்கடலின் விலை உயர்ந்த மீனைத் தொட வழி இந்த இழுவைத் தூண்டில்தான். நம் தென்கரையில் இந்த முறை அரை நூற்றாண்டில் அடைந்த மாற்றத்தைப் பார்த்தால், சின்னப் படகுக்காரர் எதைப் பெற்றார், எதைக் கைவிட்டார் என்பது தெளிவாகத் தெரியும்.

அன்றைக்குப் படகு என்றால் கட்டுமரம். கனம் குறைந்த மரத்துண்டுகளைக் கயிற்றால் வரிந்து கட்டி, முக்கோணப் பாயை ஏற்றிவிட்டால் தொழிலுக்குத் தயார். பின்னிரவில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் வெளியே போவார்கள். வெயில் ஏறிய பிறகு கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்றில் திரும்புவார்கள். போகவும் வரவும் காற்றே கூலியில்லாமல் இழுத்தது. இன்னொரு வசதியும் இருந்தது. நல்ல காற்றில் பாய்விரித்த மரம் மணிக்கு நாலைந்து கடல் மைல் ஓடும். நெய்மீனுக்கும் சூரைக்கும் தூண்டில் இழுக்க ஏற்ற வேகம் ஏறக்குறைய அதுதான். மீன்பிடிக்கென்று தனியாகச் செலவில்லை. போகிற வழியிலும் வருகிற வழியிலும் கயிறு பின்னால் கிடக்கும், அவ்வளவுதான்.

பாயைக் கவனித்த விதம் தனிக் கலை. காற்று தளர்ந்தால் ஒருவர் கடல்நீரை அள்ளி அள்ளிப் பாய் மீது வீசுவார். நனைந்த துணியின் இழைகள் உப்பி நெருங்கும், சல்லடை மாதிரி காற்றை ஒழுகவிடாது. அந்தக் கொஞ்சக் காற்றும் பாய்க்குள் நின்று மரத்தைத் தள்ளும். இயற்பியல் புத்தகத்தைத் திறக்காதவர்கள் கண்ட சிக்கனம் இது.

கயிறு பருத்தி நூலில் முறுக்கியது. உப்புநீரில் இற்றுப் போகாமலிருக்கப் பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறப்போட்டு, காயவைத்து, மறுபடியும் ஊறப்போடுவார்கள். கறுத்து விறைத்த அந்த நூலைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருப்பவருக்குத் தூண்டில் முனையில் நடப்பதெல்லாம் விரலில் தெரியும். பாசி சிக்கியதா, சின்ன மீன் கொத்தியதா, பெரிய நெய்மீன் அடித்ததா என்று பார்க்காமலே சொல்வார். இரைக்குப் பறவையின் வெள்ளை இறகு, இல்லாவிட்டால் வெள்ளைத் துணிக் கிழிசல். எதுவும் கடையில் வாங்கியதல்ல.

இப்படிச் சொல்லும்போது அந்தக் காலம் பொற்காலம் போலத் தோன்றக்கூடும். அப்படி எண்ணுவது அந்த மனிதர்களுக்குச் செய்யும் அநியாயம். கட்டுமரத்தில் உட்காருவது என்றால் தண்ணீரிலேயே உட்காருவது. புறப்பட்டது முதல் திரும்பும் வரை உடம்பு நனைந்தே இருக்கும். உப்பில் ஊறிய கையைப் பெரிய மீன் இழுக்கும் கயிறு அறுத்துவிடும். காற்று செத்தால் துடுப்புத்தான் கதி. உச்சி வெயிலில் பல மணி நேரம் வலித்துக் கரை சேரும்போது பறியில் கிடக்கும் மீன் கெட்டுப் போயிருக்கும். வியாபாரி சொன்னதே விலை. காற்று திசை மாறி அடித்தால் ஊரைத் தாண்டி எங்கோ கரையேற வேண்டும், கரை காணாமலே போனவர்களும் உண்டு. பாயை விட்டு எஞ்சினுக்குப் போனவர்களை யாரும் குறை சொல்ல முடியாது.

முதலில் மாறியது கயிறு. நைலான் வந்ததும் பனிச்சங்காய் வேலை ஒழிந்தது. இற்றுப்போகாத, தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத இழை கிடைத்தது பெரிய விடுதலைதான். அடுத்து படகு. குமரி மாவட்டத்து முட்டத்தில் பெல்ஜியத்துக்காரரான பியர் ஜியே, கோட்டாறு சமூக சேவை சங்கத்தோடு சேர்ந்து, அலை மோதும் மணல்கரையில் இறக்கி ஏற்றக்கூடிய ப்ளைவுட் படகுகளை உருவாக்கினார். அந்த முயற்சியின் பாடுகளையும் பலனையும் 1985-ல் நூலாகவும் எழுதினார். 1980-ல் தொடங்கிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, கரையோரமெங்கும் படகுத் தளங்கள் அமைத்து அந்த வேலையைப் பெரிதாக்கியது. உள்ளூர் மீனவர்களைக் கேட்டுக் கேட்டுத் திருத்திய படகுகள் அவை. மேலிருந்து கொண்டுவந்து இறக்கிய திட்டங்கள் பலவும் தோற்ற இடத்தில் அவை நிலைத்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

1980-களில் வெளிப்பொருத்து எஞ்சின்கள் பரவின. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். அதை ஆசைப்பட்டு வாங்கியதாக மட்டும் சொல்லிவிட முடியாது. அதற்கு முன்பே இழுவைமடி விசைப்படகுகள் கரையோரத்தை அரித்துவிட்டன. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைல் வரை பாரம்பரிய மீனவர்களுக்கு என்று ஒதுக்கியது. ஆனால் மீன் கோட்டுக்கு உள்ளேயே நிற்குமா? அருகில் மீன் குறைந்தபோது சின்னப் படகுக்காரரும் தூரம் போகவேண்டியதாயிற்று. தூரம் போக எஞ்சின் வேண்டியிருந்தது.

பிறகு 2004 டிசம்பர் 26. சுனாமி கட்டுமரங்களை வாரிக்கொண்டு போன பிறகு, நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். சோழமண்டலக் கரையில் ஏற்கெனவே மெல்ல நடந்துகொண்டிருந்த மாற்றம் ஓரிரு ஆண்டுகளில் முடிந்துபோனது. பாய் கட்டத் தெரிந்த தலைமுறையும் தெரியாத தலைமுறையும் ஒரே வீட்டில் இருக்கும் நிலை வந்தது.

இன்றைய இழுவைத் தூண்டில் கணக்கை ஒரு எளிய உதாரணத்தில் பார்க்கலாம். முப்பதடி ஃபைபர் படகு, 9.9 குதிரைத்திறன் எஞ்சின். முழு வேகத்தில் மணிக்கு 4 முதல் 5 லிட்டர் எரியும். கரையிலிருந்து 15 கடல் மைல் போய்வர மணிக்கு 7 மைல் வேகத்தில் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்கே ஏறக்குறைய 20 லிட்டர். அங்கே நாலு மணி நேரம் மெதுவாகத் தூண்டில் இழுத்தால் இன்னும் 10 லிட்டர். முப்பது லிட்டர் எரித்துவிட்டு வெறும் படகோடு வரும் நாளும் உண்டு. அன்று மீன் இல்லாத நாளில் போனது உழைப்பு மட்டும். இன்று உழைப்போடு கடனும் சேர்கிறது. மானிய மண்ணெண்ணெயும் வரியில்லா டீசலும் இந்தச் சுமையைக் கொஞ்சம் குறைக்கின்றனவே தவிர நீக்குவதில்லை.

ஆகவே இன்றைக்குச் சின்னப் படகின் சிக்கனம் முழுக்க எண்ணெய்ச் சிக்கனம்தான். நார்வேக்காரரான கல்பிரான்ட்சென், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979-ல் தொடங்கிய வங்காள விரிகுடா மீன்வளத் திட்டத்தில் நம் கரைக்கான படகுகளை வரைந்தவர். சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் சேமிப்புக்காக அவர் எழுதிய கையேட்டை ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 2012-ல் வெளியிட்டது. அதில் முதன்மையான அறிவுரை மிக எளியது: வேகத்தைக் குறை. முப்பதடி நீளமுள்ள படகு 7 மைல் வேகத்தை நெருங்கும்போது தன் அலையின் மேலேயே ஏற முயல்கிறது, எண்ணெய் அதற்கே போகிறது. ஏழிலிருந்து ஆறுக்கு இறங்கினால் மணிக்கு எரியும் எண்ணெய் கணக்குப்படி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். பதினைந்து மைல் பயணத்தில் கூடுதலாகும் நேரம் அரை மணிக்கும் குறைவு. துறைமுகத்தில் கட்டிப்போடும் படகென்றால் அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் சுரண்டுவதும், படகுக்குப் பொருந்தும் விசிறியைப் போடுவதும் அடுத்தவை. ஏலத்துக்கு முதலில் வந்து சேர வேண்டும் என்ற அவசரம்தான் இதைக் கடைப்பிடிக்க விடுவதில்லை. நாலு படகுகள் பேசி வைத்து ஒரே வேகத்தில் திரும்பினால் நாலு வீட்டுக்கும் மிச்சம்.

தூண்டில் சாமானில் செலவைக் குறைக்கும் கெட்டிக்காரத்தனம் இன்றும் சாகவில்லை. ஒரு சின்ன ஏற்பாட்டைக் கிட்டப்போய்ப் பார்க்கவேண்டும். படகின் பின்புறக் கட்டையில் கட்டிய கயிற்றின் நடுவே, பழைய சைக்கிள் ட்யூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டை இரண்டு முடிச்சுக்கு நடுவே இருக்கும். கயிறு அதன் பக்கத்தில் வளைந்து தொங்கும். மீன் அடித்ததும் முதலில் ரப்பர் நீளும், அந்த அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்வதால் மீனின் வாய் கிழியாது, நைலான் அறாது. ரப்பர் நீண்டதைப் பார்த்து, இயந்திரச் சத்தத்தில் காது கேளாவிட்டாலும் மீன் விழுந்தது தெரிந்துவிடும். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் ரீல் செய்கிற வேலையை ஒரு சாண் ரப்பர் செய்கிறது. இரு பக்கமும் மூங்கில் கழி நீட்டினால் நாலு கயிறு சிக்காமல் ஓடும். நெய்மீனின் பல் கத்தரி என்பதால் முனையில் ஒரு முழம் எஃகுக் கம்பி கட்டாயம். இரைக்குப் பளபளக்கும் காகிதம், பிளாஸ்டிக் குழாய்த் துண்டு, தேய்த்துப் பளபளப்பாக்கிய ஸ்பூன் என்று எதுவும் ஆகும். ஃபின்லாந்தின் ராபாலா போன்ற செயற்கை மீன்கள் அற்புதமாக நீந்துகின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஒரு பாறையில் சிக்கி அறுந்தால் அன்றைய கூலி போய்விடும். அதை வாரக்கடைசியில் படகு வாடகைக்கு எடுத்து வரும் நகரத்து ஆர்வலர்கள் தாங்குவார்கள்.

மீன் எங்கே இருக்கிறது என்ற கேள்விதான் எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு. அன்று கரையிலுள்ள கோபுரத்தையும் பின்னாலுள்ள மலையையும் ஒரே நேர்கோட்டில் வைத்துக் கடலடிப் பாரின் (பாறைத்திட்டின்) இடத்தைக் கண்டார்கள். அது அப்பன் மகனுக்கு மட்டும் காட்டிய சொத்து. இன்று ஜி.பி.எஸ். கருவியில் அது ஒரு எண். இரவிலும் மூடுபனியிலும் தவறாமல் கொண்டு சேர்க்கும். எண் கைமாறினால் போதும், முப்பது படகு அதே பாரில் நிற்கும். ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம், செயற்கைக்கோள் வழியாகக் கடல்மேற்பரப்பின் வெப்பத்தையும் பாசிப் பச்சையத்தையும் அளந்து, மீன் கூடச் சாத்தியமுள்ள பகுதிகளை அறிவிக்கிறது. குளிர்ந்த நீரும் சூடான நீரும் சந்திக்கும் கோட்டில் சின்ன மீன் கூடும், அதைத் தேடிப் பெரியது வரும் என்பதே அதன் அடிப்படை. எண்ணெயை வீணாக்காமல் நேராக ஓர் இடத்துக்குப் போக இது கைகொடுக்கிறது, இலவசமாகவும் கிடைக்கிறது. மேகம் மூடினால் இந்த அளவீடு தடைபடும். அன்றைக்கு வேண்டியது பழைய கண்தான்: தண்ணீர் நிறம் மாறும் கோடு, அதில் வரிசையாக மிதக்கும் குப்பை, மேலே வட்டமடித்துக் குத்திட்டு விழும் ஆலாப் பறவைகள். ஆலா விழும் இடத்துக்கு நடுவே படகை விடக்கூடாது, கூட்டம் கலைந்துவிடும். ஓரமாகச் சுற்றி வந்து தூண்டிலை மட்டும் குறுக்கே இழுக்கவேண்டும்.

ஐஸ் வந்தது பெரிய நன்மை. சூரையைப் பிடித்தவுடன் ரத்தம் வடித்து, தண்ணீர் கலந்த ஐஸில் புதைத்தால் ஏலத்தில் விலை வேறு. வெயிலில் போட்டால் சூரையில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் ஊறும், பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. ஒரு பெட்டி ஐஸின் விலைக்குத் தயங்கி, பிடித்த மீனின் மதிப்பை இழப்பது சிக்கனம் ஆகாது.

உயிர் விஷயத்திலும் அப்படித்தான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் குமரிக் கடலில் மிக வேகமாக உருவெடுத்தபோது, ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச்சேரவில்லை. தூத்தூர் பகுதிக் கரை கிராமங்கள் அந்த இழப்பிலிருந்து இன்னும் மீளவில்லை. கைப்பேசி சிக்னல் கரையை விட்டுக் கொஞ்ச தூரத்தோடு சரி. எண்ணெய் தீர்ந்தாலோ எஞ்சின் நின்றாலோ ஃபைபர் படகு வெறும் மிதவை. கட்டுமரத்துக்காரரிடம் பாய் இருந்தது, இவரிடம் அதுவும் இல்லை. வயர்லெஸ், உயிர்காப்பு உடை, இரண்டு படகு சேர்ந்து போவது ஆகிய மூன்றிலும் மிச்சம் பிடிக்கக்கூடாது.

பாயைக் கழற்றி எறிந்தது நமக்கு ஏற்பட்ட பெரிய இழப்பு என்பது என் முடிவு. எஞ்சினுக்குப் பதிலாக அல்ல, எஞ்சினோடு கூடவே ஒரு பாயும் வேண்டும். முப்பதடி ஃபைபர் படகில் கழற்றிவைக்கக்கூடிய ஒரு கம்பமும் சிறு பாயும் இருந்தால், நல்ல காற்று நாளில் எஞ்சினை நிறுத்தியோ பாதியாகக் குறைத்தோ தூண்டில் இழுக்கலாம். எஞ்சின் நின்ற நாளில் அதுவே கரைசேர்க்கும். மீன்வளத் துறையும் கூட்டுறவுச் சங்கங்களும் எஞ்சினுக்கும் எண்ணெய்க்கும் மானியம் தருகின்றன. அதே மானியத்தைப் பாய்க்கும் தரவேண்டும். பாய் கட்டத் தெரிந்த முதியவர்கள் நம் கரைகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூலி கொடுத்து, இளம் மீனவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியை இப்போதே தொடங்கவேண்டும்.