பழைய கணினியைத் தூக்கிப் போடாதீர்கள்!

பெற்றோர்களே! பிள்ளைகள் பாடம் படிக்கும் கணினிக்கு வயது எட்டோ பத்தோ ஆகிவிட்டதா? "இது இனி ஆகாது, புதிது வாங்குங்கள்" என்று கடைக்காரர் சொல்லிவிட்டாரா? பால் மரம் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் சேர்த்த பணத்தை எடுத்து நீட்டுமுன், இந்தக் கட்டுரையைச் சற்றுப் படியுங்கள்.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய செயலியும் உள்ள கணினிகளையே கேட்கிறது. ஆகவே, நன்றாக ஓடும் கணினிகளும் கழித்துக் கட்டப்படுகின்றன. மாடு திடமாகத்தான் இருக்கிறது, வண்டிதான் கனத்துவிட்டது. வண்டியை மாற்றினால் போதும். அந்த இலேசான வண்டியின் பெயர் லினக்ஸ்.

லினக்ஸ் என்பது என்ன?

1991-இல், பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் இதன் மையப் பகுதியை எழுதி வெளியிட்டார். எவரும் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று விடப்பட்டதால் உலகெங்கும் உள்ளவர்கள் கூடி வளர்த்தார்கள். இதற்கு விலை இல்லை. அண்டை வீட்டாருக்கு ஒரு நகல் எடுத்துக் கொடுத்தாலும் குற்றமில்லை.

எந்த வகை நமக்கு ஏற்றது?

ஒரே மாவில் இட்லியும் வார்க்கலாம், தோசையும் சுடலாம். லினக்ஸும் அப்படித்தான். 2004-இல் வந்த உபுண்டு ஒரு வகை. அதை அடியாகக் கொண்டு 2006-இல் தொடங்கியது லினக்ஸ் மின்ட். விண்டோஸ் பழகிய கைக்கு மின்ட் எளிது.

கணினியில் 8 ஜிபி நினைவகம் இருந்தால் மின்ட்டின் 'சின்னமன்' பதிப்பை எடுக்கலாம். 4 ஜிபி மட்டும் இருந்தால் 'எக்ஸ்.எஃப்.சி.இ.' பதிப்பு நல்லது. அதற்கும் நலிந்த கணினிக்கு 'லுபுண்டு' பொருந்தும். மூன்றுமே 64-பிட் கணினியில்தான் ஓடும் என்பதை மறக்க வேண்டாம்.

உபுண்டு பதிப்பின் எண்ணிலேயே அதன் பிறந்த தேதி இருக்கிறது. 24.04 என்றால் 2024 ஏப்ரல். இரட்டைப்படை ஆண்டு ஏப்ரலில் வரும் பதிப்புகளுக்கு ஐந்தாண்டு ஆதரவு உண்டு. இடையில் வருபவற்றுக்கு ஒன்பது மாதமே. வீட்டுக்கு ஐந்தாண்டுப் பதிப்பே ஏற்றது.

முதலில் சேமிப்பு, பிறகு சோதனை

பிள்ளைகளின் படங்கள், சான்றிதழ்கள், பாடக் குறிப்புகள் அனைத்தையும் முதலில் வேறொரு வட்டில் நகலெடுத்து வையுங்கள். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்பு எண்ணையும் எழுதி வையுங்கள்.

லினக்ஸ் கோப்பை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் பதியுங்கள். வெறுமனே நகலெடுத்தால் வேலை செய்யாது. ரூஃபஸ் போன்ற மென்பொருளைக் கொண்டு எழுத வேண்டும். கணினியைத் திறக்கும்போது எஃப்12 அல்லது எஃப்9 விசையை அழுத்தி (கணினிக்குக் கணினி இது மாறும்) பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே எதையும் அழிக்காமல் லினக்ஸ் அப்படியே ஓடும். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். பிடித்தால் மட்டும் நிறுவுங்கள்.

நிறுவும்போது ஒரு கேள்வி வரும்: விண்டோஸின் பக்கத்திலேயே வைப்பதா, வட்டு முழுவதையும் அழிப்பதா? 'அழி' என்பதைத் தொட்டால் பழையவை அத்தனையும் போய்விடும். அந்த இடத்தில் அவசரம் கூடாது.

தொல்லை வந்தால்...

திரை கறுத்து நின்றால் கலங்க வேண்டாம். தொடக்கப் பட்டியலில் மின்ட்டில் 'இணக்க முறை', உபுண்டுவில் 'பாதுகாப்பான வரைகலை' என்ற பொருளில் ஒரு வழி இருக்கும். அதில் நுழையுங்கள்.

வைஃபை தெரியவில்லையா? கைப்பேசியைக் கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குக் கொடுங்கள். பிறகு மின்ட்டின் 'டிரைவர் மேனேஜர்' பகுதியைத் திறந்தால், தேவையான இயக்கி இருந்தால் அதுவே காட்டும்.

இரண்டு இயங்குதளங்களையும் வைத்திருப்பவர் வீட்டில் கடிகாரம் எட்டு மணி நேரம் பிசகலாம். லினக்ஸ் உள்கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கும், விண்டோஸ் உள்ளூர் நேரத்தில் வைக்கும். நம் நாட்டு நேரம் எட்டு மணி முந்தியது அல்லவா? இது கணினியின் கோளாறு அன்று. லினக்ஸில் உள்ளூர் நேரத்துக்கு மாற்றி அமைத்தால் சரியாகிவிடும்.

எல்லாம் நன்றாக ஓடும் நாளில், மின்ட்டிலுள்ள 'டைம்ஷிஃப்ட்' மூலம் அமைப்பின் நிலையைச் சேமித்து வையுங்கள். பின்னாளில் ஏதும் கெட்டால் அந்த நிலைக்குத் திரும்பலாம். வீட்டுக் கோப்புகளை மட்டும் தனியே காத்துக்கொள்ள வேண்டும்.

குறையும் உண்டு. மைக்ரோசாப்ட் ஆபிஸை இதில் நேரடியாக நிறுவ முடியாது. அதற்குப் பதில் லிப்ரே ஆபிஸ் இருக்கிறது. உலாவி வழிப் படிப்புக்குத் தடையில்லை. தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இவ்வேலையைச் செய்யும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். புதுக் கணினி வாங்கிக் கொடுத்தால் பிள்ளை அதைப் பயன்படுத்தக் கற்கும். பழையதைச் சேர்ந்து சீராக்கினால், அது எப்படி இயங்குகிறது என்பதையும் கற்கும். மிஞ்சிய பணம் அடுத்த ஆண்டுப் பள்ளிச் செலவுக்கு ஆகட்டும்.