தென்பெண்ணை ஆறும் இஸ்லாம் கூறும் சூழல் நெறிகளும்

ஓசூர் பகுதிப் பள்ளிகளில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எனப் பல வீட்டு மொழிகள் பேசும் மாணவர்கள் ஒன்றாகப் படிக்கிறார்கள். இங்கு அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றும் நான், நீர் மாசு பற்றிய பாடத்தில் வெவ்வேறு சமயங்களின் சூழல் நெறிகளையும் எடுத்துக்கூறுவது வழக்கம். வீட்டில் கேட்ட செய்தி பாடத்தோடு இணையும்போது மனத்தில் நன்கு பதிகிறது. அவற்றுள் இஸ்லாமிய நெறிகளை இங்குப் பகிர்கிறேன்.

தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து ஓசூருக்கு வருகிறது. பெங்களூருவின் வர்த்தூர் ஏரியிலிருந்து வெளியேறும் நீரும் இதில் கலக்கிறது. கெலவரப்பள்ளி அணையில் நீர் திறக்கப்படும்போது வெண்ணுரை மலைபோல் குவிவதை நம் மாணவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆகவே, "மேலே இருப்பவர்கள் கழிவை விடும்போது நாங்கள் குழாயை மூடி என்ன சார் பயன்?" என்று ஒரு மாணவி கேட்டது நியாயமான கேள்வியே.

அடிப்படைக் கருத்துகள்

மனிதர் பூமியின் உரிமையாளர் அல்லர், பொறுப்பாளர் என்பது இஸ்லாமியப் பார்வை. இதனைக் 'கலீஃபா' என்னும் சொல் குறிக்கிறது. இயற்கையில் அமைந்துள்ள சமநிலை 'மீஸான்' எனப்படும். அதை மீறக்கூடாது எனத் திருக்குர்ஆனின் 55ஆம் அத்தியாயம் கூறுகிறது. உண்பதிலும் பருகுவதிலும் வீண்விரயம் கூடாது என்பது 7ஆம் அத்தியாயத்தின் 31ஆம் வசனம் தரும் கருத்து.

நீரும் மரமும்

தொழுகைக்கு முன் கை, முகம், கால்களைத் தூய்மை செய்வது 'உளூ'. ஓடும் ஆற்றங்கரையில் செய்தாலும் இதில் நீரை வீணாக்கக் கூடாது என நபிகள் நாயகம் தம் தோழர் சஅத் அவர்களிடம் கூறியதாக இப்னு மாஜா தொகுப்பில் உள்ளது. நபிகள் உளூவுக்குப் பயன்படுத்தியது ஒரு 'முத்து' அளவு நீர். இன்றைய கணக்கில் இது சுமார் 600 முதல் 750 மில்லி லிட்டர் வரை இருக்கும். நீர்நிலைகள், பாதைகள், நிழல் தரும் இடங்கள் ஆகியவற்றை அசுத்தப்படுத்துவதும் தடுக்கப்பட்டுள்ளது.

ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவர் செய்த தர்மமாகும். மேய்ச்சல் நிலங்களைப் பொதுநலனுக்காக ஒதுக்கிக் காக்கும் 'ஹிமா' என்னும் முறை அரேபியாவில் வழக்கில் இருந்தது.

கப்பல் உவமை

அந்த மாணவியின் கேள்விக்குப் புகாரி தொகுப்பில் வரும் உவமை உதவியது. ஒரு கப்பலில் சிலர் மேல்தளத்திலும் சிலர் கீழ்த்தளத்திலும் பயணிக்கிறார்கள். கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காக ஒவ்வொரு முறையும் மேலே செல்ல வேண்டியிருக்கிறது. 'நம் பகுதியிலேயே துளையிட்டு நீர் எடுத்துக்கொள்வோம்' என எண்ணுகிறார்கள். மற்றவர்கள் தடுக்காவிட்டால் எல்லோரும் மூழ்குவர். தடுத்தால் எல்லோரும் பிழைப்பர்.

'என் இடத்தில் நான் செய்வது என் விருப்பம்' என்னும் எண்ணத்தின் பிழையை இது காட்டுகிறது. நகரம், ஆலை, வீடு என அனைவருக்கும் இது பொருந்தும்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

1. குழாயைத் திறந்துவிட்டுக் கை, முகம் கழுவும்போது வழியும் நீரை வாளியில் பிடித்து அளக்கச் செய்யலாம். பிறகு ஒரு குவளை நீரில் கழுவச் சொல்லி ஒப்பிடலாம்.

2. நந்தி மலை முதல் கடலூர் வரை ஆற்றின் வரைபடம் வரைந்து, ஒவ்வோர் ஊருக்கும் மேலே யார், கீழே யார் எனக் குறிக்கச் செய்யலாம்.

3. தமிழ்ப் பாடத்தோடு இணைத்து, திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தையும், உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலத்தையும் பேசலாம்.

எந்தச் சமயத்தையும் உயர்த்தியோ தாழ்த்தியோ பேசாமல், அறிந்துகொள்ளும் நோக்கில் நடத்துவது அவசியம்.

இரண்டாம் செயல்பாட்டில் மாணவர்கள் ஓர் உண்மையைத் தாமே கண்டறிவார்கள். கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, கடலூர் என நமக்குக் கீழேயும் இதே ஆற்றை நம்பி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கு ஓசூர்தான் மேலே இருக்கும் ஊர். மேலே இருப்பவர்களிடம் தூய நீரைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கீழே இருப்பவர்களுக்குத் தூய நீரை அனுப்பும் கடமையும் நமக்கு உண்டு.