லைன் கிளியர் கிடைத்தால்தான் வண்டி

இந்த ஆண்டுப் பொங்கல் விழாவில் பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். புதிதாகச் சொந்தத் தொழில் தொடங்கியிருக்கும் தம்பி ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், நாலு பேரைப் பார்த்துப் பேசினால்தான் ஆர்டர் வருகிறது. நாலு பேரைப் பார்க்கப் போனால் கையில் இருக்கிற வேலை நின்றுபோகிறது. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று கேட்டார். கூட்டத்தில் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படலாம்.

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் 37 ஆண்டுகள் வேலை பார்த்து, 2018-ல் நாக்பூரில் ஓய்வு பெற்றேன். படிப்பு சிவில் டிப்ளமோ. பிள்ளைகள் இங்கேயே வேரூன்றிவிட்டதால் ஊருக்குத் திரும்பவில்லை. சந்திரபூர் பக்கத்து ஆலைகள் சிலவற்றுக்குச் சொந்தமாக ரயில் சைடிங் உண்டு. அந்தத் தண்டவாளத்தை அளந்து, 1676 மில்லிமீட்டர் அகலம் எங்கே கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது, எதை மாற்ற வேண்டும், என்ன செலவாகும் என்று அறிக்கை கொடுப்பது என் தொழில். முதலாளியும் நானே, குமாஸ்தாவும் நானே, வெயிலில் கேஜைத் தூக்கிக்கொண்டு நடப்பவனும் நானே.

ஆரம்பத்தில் விசிட்டிங் கார்டு 500 அடித்துக்கொண்டு ஒரு கூட்டம் விடாமல் போனேன். பொறியாளர் சந்திப்பு, வியாபாரிகளின் காலைச் சிற்றுண்டிக் கூட்டம், நம் சங்க விழா என்று எங்கும் என் முகம்தான். பலன் கிடைத்தது. 2019 மே மாதத்தில் ஒரே சமயத்தில் ஐந்து வேலைகள் கையில் இருந்தன. எல்லோருக்கும் மழைக்கு முன்னால் வேண்டும். எல்லோரிடமும் "ஆகட்டும்" என்றேன்.

அதில் ஒன்று சங்க நண்பர் ஒருவர் வாங்கித் தந்தது. தம் மேலாளரிடம், "நம்ம ஆள் சார், சொன்னால் சொன்னபடி செய்வார்" என்று உறுதி கொடுத்திருந்தார். மே 25-ல் தர வேண்டிய அறிக்கையை ஜூன் 20-ல் தந்தேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நான் குறித்திருந்த அதே பாயிண்டில் ஒரு வேகன் தடம் புரண்டது. யாருக்கும் காயமில்லை, ஆனால் மேலாளர் முன்னால் தலைகுனிந்து நின்றவர் என் நண்பர். என்னிடம் "பரவாயில்லை சார்" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு சங்க விழாக்களில் வேறு வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வார்.

சூடு கண்ட பூனையாக, கூட்டங்களை அடியோடு நிறுத்தினேன். கதவைச் சாத்திக்கொண்டு நவம்பருக்குள் எல்லா வேலைகளையும் முடித்தேன். அடுத்த மூன்று மாதம் ஓர் அழைப்பும் இல்லை. "என்னங்க, போன் ரிப்பேரா?" என்று என் மனைவி கேட்டாள்.

அந்தச் சும்மா இருந்த நாட்களில்தான் ரயில்வே கற்றுத்தந்த பாடம் நினைவுக்கு வந்தது. இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரு வண்டி போய்க்கொண்டிருந்தால், அது கடந்து, அடுத்த ஸ்டேஷன் லைன் கிளியர் கொடுக்கும்வரை இன்னொரு வண்டியை விடமாட்டோம். இன்னொன்று, எத்தனை வண்டி ஓடினாலும் தண்டவாள வேலைக்கென்று சில மணி நேரம் பிளாக் ஒதுக்க வேண்டும். வண்டி நிறைய என்று பிளாக்கைத் தள்ளிப்போட்டால், பிறகு எல்லா வண்டியும் ஊர்ந்துதான் போகும். வேலை என்பது வண்டி, மனிதத் தொடர்பு என்பது பிளாக். முதலில் லைன் கிளியர் இல்லாமல் வண்டி விட்டேன். பிறகு பிளாக்கே கொடுக்காமல் விட்டேன்.

இப்போது என் கணக்கு இதுதான். மாதத்தில் வேலை நாள் 24. பில், வரி, கடிதங்களுக்கு 4 நாள். மனிதர்களைப் பார்க்க 4 நாள், வியாழக்கிழமைகள். மிச்சமுள்ள 16 நாளைத்தான் விற்கலாம். சைடிங்கில் ஒரு நாள் நடந்தால் மேசையில் இரண்டு நாள் எழுத வேண்டும் என்பதையும் சேர்த்தே கணக்கிடுகிறேன்.

வியாழக்கிழமையில் முதல் அழைப்பு பழைய வாடிக்கையாளருக்கு. "போன வருஷம் மாற்றிய ஸ்லீப்பர்கள் எப்படி இருக்கின்றன?" என்று கேட்டால் போதும், பாதி வேலை அங்கிருந்தே வருகிறது. புதுக் கூட்டம் மாதத்துக்கு ஒன்றுதான். இடமில்லாதபோது "ஜூலைக்கு முன் முடியாது" என்று அன்றைக்கே சொல்லிவிடுகிறேன். அவசரம் என்றால் ஓய்வு பெற்ற சக ஊழியர் ஒருவரின் பெயரைத் தருகிறேன். அவரும் பின்னால் எனக்கு இரண்டு வேலை அனுப்பினார்.

பணத்துக்காக அலைவதும் நேரத்தைத் தின்னும். குறு, சிறு தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். இல்லாவிட்டால் 15 நாளுக்குள். உத்யம் பதிவு இலவசம். தம்பிமார் அதை முதலிலேயே செய்துகொள்ளுங்கள். பில்லில் அந்த எண்ணையும் அச்சிடுங்கள்.

தனியுரிமைத் தொழிலில் தொழிலின் கடன் வேறு, நம் கடன் வேறு என்று சட்டம் பிரிப்பதில்லை. பெயரும் அப்படித்தான். வெளி மாநிலத்தில் பிழைக்கும் நமக்கு, "நம்ம ஆள்" என்று ஒருவர் சொல்வது அவருடைய பெயரை நமக்காக அடகு வைப்பது. அதை மீட்டுக் கொடுக்க முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் "ஆகட்டும்" சொல்ல வேண்டும்.

போன வருடம் அந்த நண்பரே அழைத்தார். அவர்கள் ஆலையில் ஒரு பாயிண்டை மாற்ற வேண்டுமாம். டயரியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த மாதம் 18-ஆம் தேதிதான் அறிக்கை தர முடியும்" என்றேன். "சரி, நான் யாரிடமும் உறுதி சொல்லவில்லை" என்றார். 17-ஆம் தேதி மாலை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இந்தப் பொங்கலுக்குப் பந்தியில் என் பக்கத்து இலை அவருடையது.