உங்களுக்குத் தெரியுமா? பாலேயிலிருந்து மாம்போவுக்கு!

'டர்ட்டி டான்ஸிங்' (1987) படத்தில் மாம்போ நடன வாத்தியாராக வந்து ரசிகர்களைக் கிறங்கடித்த பேட்ரிக் ஸ்வேஸி, அடிப்படையில் ஒரு பாலே கலைஞர். ஹூஸ்டனில் நடனப் பள்ளி நடத்திய அம்மா பாட்ஸிதான் முதல் குரு. பிறகு நியூயார்க்கில் ஹார்க்னெஸ், ஜாஃப்ரி பள்ளிகளில் பயின்று, எலியட் ஃபெல்ட் பாலே குழுவில் முன்னணிக் கலைஞரானார். பள்ளி நாள்களில் அமெரிக்கக் கால்பந்து ஆடி அடிபட்ட முழங்கால், பாலேயைத் தொடர விடவில்லை. நடிக்கப் போனார், மாம்போ அவரை உலகப் புகழ் பெறச் செய்தது.

அந்தப் படத்தின் உச்சக்கட்டத்தில் நாயகியைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்துகிறாரே, அது பாலே ஜோடி ஆட்டத்தின் வித்தை. கூட்டம் நெரியும் மாம்போ அரங்கில் அப்படித் தூக்கினால் பக்கத்து ஜோடிக்குத்தான் ஆபத்து!

பாலே கற்ற உடம்பு, மாம்போவின் வழிவந்த சல்சாவுக்குப் பழகுவது லேசல்ல. பாலேயில் கால்கள் இடுப்பிலிருந்தே வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். உடம்பு எப்போதும் மேலே எழும்பி நிற்கும். சல்சாவிலோ முழங்கால் தளர்ந்து, எடை தரையில் இறங்க வேண்டும். சல்சாவின் இடுப்பு அசைவு வேண்டுமென்றே ஆட்டுவதல்ல. முழங்கால் மடங்கி நிமிர, எடை கால் மாற, தானாக வருவது. இதைவிடப் பெரிய சிக்கல், முன்கூட்டி அமைத்த ஆட்டம் எதுவும் கிடையாது என்பது. முன்பின் தெரியாத ஜோடியின் கை சொல்லும் குறிப்பை அந்தக் கணமே புரிந்துகொண்டு ஆட வேண்டும். பல ஆண்டுகள் மனப்பாடமாக ஆடியவர்கள் திணறுவது இங்கேதான்.

கைகொடுப்பது சுழற்சி. கண்ணை ஒரே புள்ளியில் நிறுத்தி, தலையைக் கடைசியில் வெடுக்கென்று திருப்பும் பாலே பழக்கம் இருந்தால் சல்சாவில் தலை சுற்றாது.

தாளத்துக்கும் பழக வேண்டும்: சல்சாவில் எட்டு எண்ணிக்கைக்கு ஆறு அடிதான். நியூயார்க் பாணியில் உடம்பு திசை மாறுவது இரண்டாம் எண்ணிக்கையில்.

1950களில் நியூயார்க்கின் பல்லேடியம் அரங்கில் புகழ்பெற்ற ஆகி–மார்கோ ஜோடி, மாம்போவிலேயே பாலேயைக் கலந்து ஆடியது.

பாலேயிலிருந்து டாங்கோவுக்குப் போனவரும் உண்டு. அர்ஜென்டினாவின் பாலே நட்சத்திரம் ஜூலியோ போக்கா, இயக்குநர் கார்லோஸ் சௌராவின் 'டாங்கோ' (1998) படத்தில் தோன்றினார். பிறகு 'போக்காடாங்கோ' என்ற நிகழ்ச்சியையே மேடையேற்றினார். 2007-இல், 40 வயதில், பியூனஸ் அயர்ஸில் திறந்தவெளி நிகழ்ச்சியோடு ஆட்டத்திலிருந்து விடைபெற்றார்.

பாரிஸ் ஓபரா பாலேயில் கலைஞர்களின் ஓய்வு வயது 42. சல்சா அரங்குகளிலோ பேரன் பேத்தி எடுத்தவர்களும் ஆடுகிறார்கள்.