உலைப் புகையால் புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்பே மருந்து

கனடா நாட்டின் ஒண்டாரியோ மாகாணத்தில் சட்பரி என்னும் ஊர் உள்ளது. 1883ஆம் ஆண்டு இருப்புப் பாதை அமைக்கும்போது அங்கே தாமிரமும் நிக்கலும் கலந்த தாது கண்டறியப்பட்டது. தாதுவில் கந்தகம் மிகுதி. அதைப் போக்குவதற்காக, தாதுவை விறகின் மேல் குவித்துத் திறந்த வெளியில் மாதக்கணக்கில் எரித்தனர். இம்முறை 1929 வரை நீடித்தது.

கந்தகப் புகை தரையை ஒட்டிப் பரவியதால் பயிர்கள் கருகின. விவசாயிகள் வழக்குத் தொடுத்தனர். 1917இல் நீதிமன்றம் சிறு இழப்பீடு வழங்கியதே தவிர, ஆலையை நிறுத்த மறுத்துவிட்டது. விறகுக்கு வெட்டியது போக எஞ்சிய மரங்களும் பட்டுப்போயின. மேல் மண்ணை மழை அரித்துச் சென்றது. சுமார் 17,000 ஹெக்டேர் நிலம் மொட்டைப் பாறையாயிற்று.

1972இல் 381 மீட்டர் உயரப் புகைபோக்கி கட்டப்பட்டது. ஊருக்குள் புகை குறைந்தது. ஆயினும் மொட்டை நிலம் தானாகத் தழைக்கவில்லை. ஏன்?

புகையிலுள்ள கந்தகம் நீருடன் சேர்ந்து அமிலமாகி மண்ணைப் புளிக்கச் செய்திருந்தது. புளித்த மண்ணில் தாமிரம், நிக்கல், அலுமினியம் ஆகியவை எளிதில் கரைந்து வேரைத் தாக்கும். நுனி வேர் கருகிய நாற்று நீரையும் சத்தையும் எடுக்க இயலாமல் மடியும்.

1978இல் நிலச் சீரமைப்பு தொடங்கியது. ஹெக்டேருக்கு 10 டன், அதாவது ஏக்கருக்குச் சுமார் 4 டன், டாலமைட் சுண்ணாம்புத் தூளை மூட்டை மூட்டையாகச் சுமந்து சென்று கையால் தூவினர். மாணவர்களும், பின்னர் வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர்களும் இப்பணியைச் செய்தனர். அடுத்து உரமிட்டு, புல் விதையுடன் பயறு வகைத் தீவன விதைகளையும் விதைத்தனர். புல் மூடிய இடத்தில் பிர்ச் மரக் கன்றுகள் தாமாகவே முளைத்தன. நடப்பட்ட மரக்கன்றுகளின் எண்ணிக்கை 2022இல் ஒரு கோடியை எட்டியது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுண்ணாம்பு உலோகங்களை மண்ணிலிருந்து அகற்றவில்லை, கரையாமல் கட்டிப்போட்டது. மண் மீண்டும் புளித்தால் அவை மீண்டும் கரையும்.

அமில நிலத்தில் சுண்ணாம்பு இடுமுன் மண் பரிசோதனை செய்து அளவை அறிவது அவசியம். களர் நிலத்திற்குச் சுண்ணாம்பு ஆகாது. அதற்கு ஜிப்சமே ஏற்றது.