வரிப்பணம் செல்லும் வழி

மலேசியாவில் சொந்தமாகத் தரைவீடு வைத்திருக்கும் ஒரு குடும்பம், ஓராண்டில் மூன்று வெவ்வேறு இடங்களுக்கு வரி செலுத்தக்கூடும். சம்பாதிப்பவரின் வருமான வரி உள்நாட்டு வருமான வாரியத்துக்குச் செல்கிறது. வீடு நிற்கும் நிலத்துக்கான நிலவரி, நில அலுவலகத்துக்குச் செல்கிறது. வீட்டுக்கான மதிப்பீட்டு வரி நகராண்மைக் கழகத்துக்குச் செல்கிறது. ஒரே குடும்பம் ஏன் மூன்று இடங்களில் வரி கட்ட வேண்டும்? நாட்டில் அரசாங்கம் மூன்று நிலைகளில் இயங்குவதே அதற்குக் காரணம்.

கூட்டரசு அரசாங்கம், மாநில அரசாங்கம், ஊராட்சி மன்றம் என்பவையே அம்மூன்று நிலைகள். கூட்டரசுக்கும் மாநிலங்களுக்கும் உரிய பொறுப்புகளையும் வருவாயையும் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டம் பிரித்துத் தந்துள்ளது. தீபகற்பத்தின் ஊராட்சி மன்றங்கள் 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின்கீழ்ச் செயல்படுகின்றன.

நாட்டின் பெரிய வரிகள் அனைத்தும் கூட்டரசு அரசாங்கத்தையே சேர்கின்றன. தனிநபர் வருமான வரி, நிறுவன வரி, இறக்குமதி வரி, விற்பனை வரி, சேவை வரி ஆகியவை அவற்றுள் சில. வருமான வரி, வருமானத்துக்கு ஏற்ப ஏறிச்செல்லும் வரியாகும். குறைந்த வருமானம் பெறுவோர் வரி கட்ட வேண்டியதில்லை. ஆண்டு வருமானத்தில் 20 இலட்சம் ரிங்கிட்டைத் தாண்டும் பகுதிக்கோ 30 விழுக்காடு வரி விதிக்கப்படுகிறது.

வேலைக்குச் செல்லாத மாணவரும் வரி செலுத்துகிறார் என்பது பலர் எண்ணிப் பார்க்காத உண்மை. பெரிய துரித உணவகம் ஒன்றில் 20 ரிங்கிட்டுக்கு உண்டால், 6 விழுக்காடு சேவை வரியாக 1 ரிங்கிட் 20 சென் சேர்க்கப்படும். இந்த வரியில் செல்வர், ஏழை என்ற வேறுபாடு இல்லை. இருவரும் ஒரே விகிதத்தில்தான் செலுத்துகின்றனர். எனவே, எந்த வரியை உயர்த்துவது என்பது வெறும் கணக்கு அன்று; சுமையை யார் தோளில் ஏற்றுவது என்னும் கேள்வியும் அதில் அடங்கியுள்ளது.

மாநில அரசாங்கத்தின் வருவாய் பெரும்பாலும் மண்ணிலிருந்து வருகிறது. நிலவரி, நில மாற்றக் கட்டணம், காட்டு மரங்களுக்கும் கனிமங்களுக்கும் பெறும் உரிமைத் தொகை, கேளிக்கை வரி ஆகியவை மாநிலத்துக்கு உரியவை. சபா, சரவாக் மாநிலங்களுக்கு மட்டும் சொந்தமாக விற்பனை வரி விதிக்கும் கூடுதல் உரிமை உண்டு.

ஊராட்சி மன்றத்தின் முதன்மை வருவாய் மதிப்பீட்டு வரியாகும். பெரும்பாலான மாநிலங்களில், ஒரு வீட்டுக்கு ஓராண்டில் கிடைக்கக்கூடிய வாடகையை மதிப்பிட்டு இவ்வரி கணக்கிடப்படுகிறது. எடுத்துக்காட்டாக, ஆண்டு வாடகை மதிப்பு 12,000 ரிங்கிட், வரி விகிதம் 4 விழுக்காடு எனக் கொள்வோம். அவ்வீட்டின் மதிப்பீட்டு வரி 480 ரிங்கிட். அதனை ஆண்டுக்கு இரு தவணையாகச் செலுத்தலாம். வணிக உரிமக் கட்டணமும் வாகன நிறுத்துமிடக் கட்டணமும் இம்மன்றத்தையே சேரும்.

பணம் எங்கே செலவாகிறது? பள்ளி, மருத்துவமனை, காவல்துறை, தற்காப்பு ஆகியவற்றின் செலவைக் கூட்டரசு ஏற்கிறது. அரசாங்கச் சிகிச்சையகத்தில் குடிமக்கள் 1 ரிங்கிட் மட்டும் செலுத்தி மருத்துவரைக் காண முடிவதற்கு, மீதிச் செலவை வரிப்பணம் ஈடுகட்டுவதே காரணம். நிலம், காடு, இசுலாமியச் சமய விவகாரங்கள் முதலியவை மாநிலத்தின் பொறுப்பு. குடியிருப்புப் பகுதியின் சாலையோர வடிகால், பூங்கா, சந்தை போன்றவற்றை ஊராட்சி மன்றம் பராமரிக்கிறது.

பெரிய வருவாய் கூட்டரசிடம் குவிவதால், மாநிலங்களுக்கு அது மானியம் வழங்க வேண்டும் என அரசியலமைப்புச் சட்டம் வகுத்துள்ளது. மக்கள்தொகையைக் கணக்கிட்டு ஒரு மானியமும், மாநிலச் சாலைகளைப் பராமரிக்க மற்றொரு மானியமும் ஆண்டுதோறும் வழங்கப்படுகின்றன.

ஆயினும், இந்தப் பங்கீட்டில் ஒரு சிக்கல் உண்டு. மரங்களை வெட்ட உரிமம் கொடுத்தால் மாநிலக் கருவூலத்துக்குப் பணம் வரும். காட்டை அப்படியே விட்டுவைத்தால் அந்த வருவாய் வராது. காடு தரும் தூய நீரும் வெள்ளத் தடுப்பும் எந்த வரவுக் கணக்கிலும் இடம்பெறுவதில்லை. இதனால், காட்டைக் காக்க விரும்பும் மாநிலமே வருவாயை இழக்க நேர்கிறது. இந்நிலையை மாற்ற, காட்டைப் பாதுகாக்கும் மாநிலங்களுக்கு நிதி வழங்கும் திட்டத்தைக் கூட்டரசு தொடங்கியது. 2019ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இதற்கென 6 கோடி ரிங்கிட் ஒதுக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டுக்கு அத்தொகை 20 கோடி ரிங்கிட்டாக உயர்ந்தது. பணம் வரும் வழி மாறினால், காட்டின் தலைவிதியும் மாறலாம் என்பதை இது காட்டுகிறது.

சட்டத்தின் அனுமதியின்றிக் கூட்டரசு எந்த வரியையும் விதிக்க முடியாது. ஒவ்வோர் ஆண்டும் நிதியமைச்சர் வரவு செலவுத் திட்டத்தை மக்களவையில் தாக்கல் செய்கிறார். உறுப்பினர்கள் அதனை விவாதித்து வாக்களிக்கின்றனர். செலவான பணத்தைத் தேசியக் கணக்காய்வுத் துறை ஆராய்ந்து அறிக்கை வெளியிடுகிறது.

வடிகால் அடைத்துக்கொண்டால் ஊராட்சி மன்றத்தையும், காடு அழிந்தால் மாநில அரசாங்கத்தையும், பள்ளிக் கட்டடம் பழுதானால் கூட்டரசின் கல்வி அமைச்சையும் கேட்க வேண்டும். எந்த வரி யாரிடம் செல்கிறது என்பதை அறிந்த குடிமகனுக்கே, எந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்பதும் தெரியும்.