கணினிப் பட்டத்துக்கு எந்த வாசல்?

திருத்தங்கலில் நடந்த முதல் போட்டித் தேர்வு சிலப்பதிகாரத்தில் பதிவாகியிருக்கிறது. கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் கதை அது. பராசரன் என்ற சோழ நாட்டு அந்தணன் சேரனிடம் போய், வாதில் வென்று, நகை மூட்டையோடு திரும்பி வருகிறான். வழியில் தங்கால் என்னும் ஊரில், அரச மரத்து மன்றத்தில் இளைப்பாறுகிறான். அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு, ‘என்னோடு சேர்ந்து பிழையில்லாமல் ஓதுகிறவன் இந்த மூட்டையை எடுத்துக்கொள்ளலாம்’ என்கிறான். வார்த்திகன் என்பவனின் மகன் தட்சிணாமூர்த்தி, மழலை மாறாத வாயோடு தப்பில்லாமல் ஓதி, பரிசைத் தட்டிக்கொண்டு போகிறான். அறிவிப்பு, தேர்வு, முடிவு, பரிசு எல்லாம் ஒரே இடத்தில், ஒரே மூச்சில். வில்லங்கம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்தத் தங்கால்தான் இன்றைய திருத்தங்கல் என்பது பொதுவாக ஒப்புக்கொண்ட செய்தி. 2021இல் சிவகாசியோடு சேர்த்து மாநகராட்சி ஆக்கிவிட்டார்கள். மலையில் நின்ற நாராயணப் பெருமாள். கீழே பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம். கொஞ்ச தூரத்தில் மெப்கோ ஷ்லெங்க், பி.எஸ்.ஆர்., கிருஷ்ணன்கோவில் பக்கம் போனால் கலசலிங்கம் என்று இன்ஜினியரிங் படிப்புக்குக் குறைவில்லாத வட்டாரம். பிளஸ் டூ முடித்ததும் ‘சி.எஸ்.ஈ. கிடைச்சிருச்சா?’ என்றுதான் சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். நான்கு வருடம் கழித்து அதே வாய்கள் கேட்கும் கேள்வி வேறு: ‘கவர்மென்ட் பரீட்சை ஏதாவது எழுதுறியாப்பா?’

இந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. பட்டாசு வருமானம் பருவத்தைப் பார்த்து வருவது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்குத் தடை போட்ட பிறகு ஆலைகள் மூடித் திறந்து மூடித் திறந்து நடந்ததை இந்த ஊர் நேரில் பார்த்தது. ஐ.டி. கம்பெனிகளும் 2023, 2024இல் கல்லூரி வாசலில் ஆள் எடுப்பதைக் குறைத்துக்கொண்டன. மாதம் பிறந்தால் சம்பளம், கடைசியில் ஒரு பாதுகாப்பு என்று பெற்றோர் நினைப்பதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் கணினிப் பொறியியல் படித்தவருக்கு இந்தத் தேர்வு உலகத்தில் ஒரு விநோதம் காத்திருக்கிறது. யு.பி.எஸ்.சி. நடத்தும் பொறியியல் பணித் தேர்வில் நான்கே பிரிவுகள்: சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் அண்டு டெலிகம்யூனிகேஷன். கணினிக்குத் தனிப் பிரிவு கிடையாது. அந்தத் தேர்வின் பொதுத் தாளில் நெட்வொர்க், மின் ஆளுமை பற்றிய தலைப்பு உண்டு. எலெக்ட்ரானிக்ஸ் பிரிவின் பாடத்திட்டத்தில் கணினி அமைப்பும் உண்டு. கணினிப் பொறியாளர் மட்டும் இல்லை.

சரி, ஐ.ஏ.எஸ். பக்கம் போகலாம் என்றால் அங்கேயும் அதே கதை. சிவில் சர்வீசஸ் மெயின்ஸில் விருப்பப் பாடம் ஒன்றுக்கு இரண்டு தாள், தாளுக்கு 250, மொத்தம் 500 மதிப்பெண். பட்டியலில் சிவில் இன்ஜினியரிங் இருக்கிறது, மெக்கானிக்கல் இருக்கிறது, எலெக்ட்ரிக்கல் இருக்கிறது. தாவரவியலும் விலங்கியலும் இருக்கின்றன. கால்நடை மருத்துவத்துக்குக்கூட இடம் உண்டு. கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லை. ஆதாரும் ஜி.எஸ்.டி.யும் ரேஷன் கார்டும் மென்பொருளில் ஓடும் நாட்டில் இந்தப் பட்டியலை இன்னும் திருத்தாமல் வைத்திருப்பது அசட்டுத்தனம் என்பேன். நாளைக்கே திருத்துவார்கள் என்று நம்பி யாரும் காத்திருக்கவும் வேண்டாம்.

அதற்காகக் கணினி படித்தவர்கள் ஜெயிக்கவில்லை என்று இல்லை. 2018ஆம் ஆண்டுத் தேர்வில் நாட்டிலேயே முதலிடம் பிடித்த கனிஷக் கட்டாரியா, பம்பாய் ஐ.ஐ.டி.யில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்தான். விருப்பப் பாடமாக அவர் எடுத்தது கணிதம். நம்மூர்ப் பிள்ளைகள் பலர் தமிழ் இலக்கியம், சமூகவியல், மானிடவியல், புவியியல் என்று போகிறார்கள். எதை எடுத்தாலும் நான்கு வருடம் படித்த டேட்டா ஸ்ட்ரக்சரையும் கம்பைலரையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். பட்டம் அங்கே விண்ணப்பம் போடுவதற்கான தகுதிச் சான்று, அவ்வளவுதான். 1750 மதிப்பெண்ணுக்கு எழுத்து, 275க்கு நேர்முகம் என்ற அந்த நெடும்பயணத்தில் நேரடியாகக் கைகொடுப்பது பிரிலிம்ஸின் திறனறிவுத் தாளான சிசாட்டின் கணக்கு மட்டும். அந்தத் தாளிலும் 33 சதவீதம் எடுத்துத் தேறினால் போதும். தரவரிசைக்கு அது சேராது.

பட்டத்தையே முதலாக்கும் வழி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் கேட் (GATE), பொறியியல் பட்டதாரிகளுக்கான தேர்வு.

இந்தத் தேர்வை உயர்படிப்புக்கானது என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறவர்கள் நிறைய. பொதுத்துறை நிறுவனங்கள் பல இந்த மதிப்பெண்ணைப் பார்த்து ஆள் எடுக்கின்றன. மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். மூன்றாம் ஆண்டு படிக்கும்போதே எழுதலாம். 65 கேள்வி, 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 15 பொதுத் திறன், 13 பொறியியல் கணிதம், மீதி 72 மதிப்பெண்ணும் கல்லூரியில் படித்த அதே பாடங்கள்: அல்காரிதம், ஆப்பரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க், தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன், கம்பைலர். ‘அதே பாடங்கள்’ என்று சொல்லிவிட்டேனே தவிர, செமஸ்டருக்குப் படித்தது அங்கே செல்லாது. ஏன் என்பதற்கு ஒரே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். பென்சிலை எடுங்கள்.

1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5. ஒரு நிரல் இந்த வரிசையில் பக்கங்களைக் கேட்கிறது. நினைவகத்தில் மூன்று பக்கம் வைக்கத்தான் இடம். இடம் நிரம்பினால் முதலில் வந்த பக்கம் முதலில் வெளியேற வேண்டும். கேட்ட பக்கம் உள்ளே இல்லையென்றால் அது ஒரு தவறல், பேஜ் ஃபால்ட். போட்டுப் பாருங்கள்: 1, 2, 3 உள்ளே வருகின்றன, மூன்று தவறல். 4 வர, 1 வெளியே. உடனே 1 வேண்டும் என்கிறது, 2 வெளியே. அடுத்து 2 வேண்டும், 3 வெளியே. பிறகு 5 வர, 4 வெளியே. இதுவரை ஏழு. அடுத்த 1, 2 இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. 3க்கு ஒன்று, 4க்கு ஒன்று. கடைசி 5 உள்ளே இருக்கிறது. மொத்தம் ஒன்பது.

இப்போது நினைவகத்தைக் கூட்டி நான்கு இடம் தருவோம். தவறல் குறையும் என்றுதானே புத்தி சொல்கிறது? போட்டுப் பார்த்தால் பத்து வருகிறது. இடம் கூடியது, தவறலும் கூடியது. கணினி ஆய்வாளர் பெலாடி 1969இல் தம் சகாக்களோடு சேர்ந்து எழுதிக் காட்டிய முரண் இது.

செமஸ்டர் தாளில் ‘பெலாடியின் முரண் பற்றிச் சிறுகுறிப்பு வரைக’ என்று வரும். நோட்ஸ் மனப்பாடம் செய்தவர் எழுதிவிடுவார். கேட் தாளில் வேறொரு வரிசையைக் கொடுத்து, ‘எத்தனை?’ என்று கேட்டு, பதில் எண்ணைத் தட்டச்சு செய்யச் சொல்வார்கள். நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சௌகரியம் அந்த வகைக் கேள்வியில் இல்லை. எண் ஒன்று பிசகினாலும் பூஜ்யம். தவறுக்கு மதிப்பெண் பிடிக்கமாட்டார்கள் என்பது ஒன்றே ஆறுதல். இப்படிக் கையால் நூறு கணக்கு போட்டவருக்கும், யூடியூப் வீடியோ நூறு பார்த்தவருக்கும் வித்தியாசம் பிப்ரவரியில் நடக்கும் தேர்வில் தெரிந்துவிடும். பழைய வினாத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. என்னைக் கேட்டால் கோச்சிங்குக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் பத்து வருடத் தாளைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

இந்தப் படிப்பு கேட்டோடு நின்றுவிடுவதில்லை. தேசிய தகவலியல் மையம் 1976இல் தொடங்கியது. விருதுநகர் ஆட்சியர் அலுவலகம் உட்பட மாவட்டம்தோறும் அதற்குக் கிளை உண்டு. அதன் சயின்டிஸ்ட்-பி பணிக்கும், இஸ்ரோவின் கணினிப் பிரிவுப் பணிக்கும், வங்கிகளின் ஐ.டி. ஆபீசர் தேர்வுக்கும் கேட்கப்படும் தொழில்நுட்பப் பாடம் பெரும்பாலும் இதே வட்டத்துக்குள்தான். ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) நடத்தும் கணினி ஆசிரியர், பாலிடெக்னிக் விரிவுரையாளர் தேர்வுகளும் அப்படியே. டி.என்.பி.எஸ்.சி.யிலும் உதவி சிஸ்டம் இன்ஜினியர், உதவி சிஸ்டம் அனலிஸ்ட் என்று எப்போதாவது ஓர் அறிவிப்பு வரும். அந்த ‘எப்போதாவது’தான் இந்தப் பாதையின் பலவீனம். தேர்வு முறையும் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும். இடங்களும் குறைவு.

ஆகவேதான் பலர் டி.என்.பி.எஸ்.சி.யின் குரூப் 4 பக்கம் ஓடுகிறார்கள். 200 கேள்வியில் 100 தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு. திறனறிவு இன்ஜினியரிங் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தடுக்கி விழுவது தமிழில். அந்தப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். நான்கு வருடம் ஆங்கில பி.டி.எஃப். மட்டுமே படித்த பிள்ளை, ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு புணர்ச்சி விதியோடு மல்லுக்கட்டுவது பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் என்ற சங்கப் புலவரைப் பெற்ற ஊரில் தமிழுக்குப் பயப்படலாமா என்று சீண்டலாம். ஆனால் குறை பிள்ளைகளிடம் இல்லை. பள்ளியிலேயே தமிழை மார்க் குறைக்கும் பாடமாக ஒதுக்கக் கற்றுக்கொடுத்த நாம்தான் காரணம்.

இங்கேதான் என் அபிப்பிராயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காலையில் கேட், மாலையில் குரூப் 2, ஞாயிற்றுக்கிழமை ஐ.ஏ.எஸ். மாக் டெஸ்ட் என்று ஓடுகிறவர் மூன்றிலும் கட்-ஆஃபுக்குக் கொஞ்சம் கீழேயே நிற்பார். பாடப் பாதை ஒன்று, பொதுப் பாதை ஒன்று. இரண்டும் கேட்கும் உழைப்பே வேறு. ஒன்று பென்சில் பிடித்துக் கணக்கு போடுவது. மற்றது வாசித்து, குறிப்பெடுத்து, திரும்பத் திரும்ப நினைவுக்குக் கொண்டுவருவது. பட்டம் முடித்த சூட்டில் பாடப் பாதையை ஒரு வருடம் முழுமூச்சாக முயல்வது புத்திசாலித்தனம். அது கைகூடவில்லை, மனமும் நிர்வாகப் பணியில் இருக்கிறது என்றால் பிறகு பொதுப் பாதைக்கு வரலாம், வயது இருக்கிறது. சிவில் சர்வீசஸுக்குப் பொதுப் பிரிவில் 32 வரை, பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வரை. தலைகீழாக, பொதுப் பாதையில் நான்கு வருடம் கழித்துவிட்டு கேட்டுக்குத் திரும்புகிறவருக்குப் பாடம் மறந்திருக்கும்.

பொதுப் பாதைக்குப் பண உதவியும் உண்டு. ‘நான் முதல்வன்’ திட்டத்தில் ஒரு மதிப்பீட்டுத் தேர்வு வைத்து ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து, சிவில் சர்வீசஸ் பிரிலிம்ஸ் படிக்க மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் தருகிறார்கள். பிரிலிம்ஸில் தேறினால் 25,000. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வ பயிலும் வட்டத்தில் வகுப்புகள் இலவசம். மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், இங்கிருந்து காலையில் பஸ் ஏறினால் போய்விட்டு இரவுக்குள் திரும்பிவிடும் தூரம்தான்.

வார்த்திகன் கதையின் மீதியைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா. பிள்ளை ஜெயித்த நகையை வீட்டார் அணிந்து மகிழ்ந்ததைக் கண்டு பொறாமைப்பட்டவர்கள், ‘இவனுக்கு ஏது இவ்வளவு? புதையலை எடுத்து மறைத்துவிட்டான்’ என்று சொல்ல, அப்பனைச் சிறையில் அடைத்துவிட்டார்கள். மனைவி கார்த்திகை அழுது புரள, கொற்றவை கோயில் கதவு அடைத்துக்கொண்டது. பாண்டியன் விசாரித்து, வார்த்திகனை விடுவித்து, தங்காலோடு வயலூரையும் தந்து பிழை பொறுக்கக் கேட்டான். நம் காலத்திலும் நேர்மையாக எழுதியவர்கள்மேல் சந்தேகம் விழுந்ததுண்டு. 2017இல் நடந்த பாலிடெக்னிக் விரிவுரையாளர் தேர்வில் சிலருடைய மதிப்பெண்ணைத் திருத்தியது தெரிய வந்து, 2018 பிப்ரவரியில் தேர்வையே ரத்து செய்தார்கள். மறுதேர்வு நடக்க 2021 டிசம்பர் ஆனது. 1,058 இடத்துக்கு எழுதியவர்களில் ஒழுங்காகப் படித்துத் தேறியவர்களும் அந்த நான்கு வருடத்தை இழந்தார்கள். அவர்களுக்கு யாரும் வயலூர் தரவில்லை. 2019 குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் நடந்த முறைகேடும் அதே ரகம். ஒரே அறிவிப்பை நம்பி வாழ்க்கையை நிறுத்தி வைக்கக் கூடாது, கையில் ஒரு வேலையோ பகுதி நேர வருமானமோ இருக்கட்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கடைசியாக ஒரு விஷயம், பெற்றோருக்கு. கேட் விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் தொடங்கும், தேர்வு பிப்ரவரியில். நம்மூர்க் கணக்கில் அது ஆடி முதல் தை வரை. ஆடி பதினெட்டுக்குப் புது காலண்டர் ஆல்பம் வெளியாகும், ஆர்டர் குவியும். தீபாவளி வரை பட்டாசு, அது முடிந்தால் டைரி, காலண்டர் என்று டிசம்பர் முடிய வேலை நெருக்கும். வீட்டில் எல்லாக் கையும் தேவைப்படும் அந்த ஆறு மாதமும், பிள்ளை படிக்க வேண்டிய ஆறு மாதமும் ஒன்றேதான். ‘ரெண்டு நாள் பில் போட்டுக் குடு தம்பி’, ‘இந்த டிசைனை மட்டும் கம்ப்யூட்டர்ல திருத்திக் குடும்மா’ என்று தொடங்குவது தீபாவளி வரை நீளும். கணினி படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் ஊரே வேலை சொல்லும். இந்த ஒரு வருடம் மட்டும் அந்தப் பிள்ளையை விட்டுவிடுங்கள்.